அவியன்னா யாரு

மாடசாமி தன் பெண்டாட்டியைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, ஆள் மூலம் சொல்லி அனுப்பவும் கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டிருந்தது. அடித்துக்கொண்டு பிரிந்துபோன ஜோடி என்றால் இதில் பேச ஒன்றுமில்லை. இவர்கள் கல்யாணமாகி நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட முகம் திருப்பிக்கொண்டு படுத்தவர்கள் இல்லை. திசையன்விளைப் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்தவர்கள். வழக்கில் அவன் குற்றம் சாட்டப்பட்ட முதல் எதிரி. ராசாத்தி அரசுத் தரப்பில் ஏழாவது சாட்சி. ஜாமீன் கொடுக்கும்போது எதிரி சாட்சிகளை நெருங்கக் கூடாது என்று எல்லா வழக்கிலும் எழுதுகிற வரியை இதிலும் எழுதினார்கள். ஏழாவது சாட்சிதான் அவனுக்குச் சோறு பொங்கிப் போடுகிறவள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அதற்கென்று தனிச் சட்டமா இருக்கிறது?

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு சொல். அதைச் சொல்வதற்குமுன் எங்கள் ஓடையைச் சொல்ல வேண்டும்.

தொரப்பள்ளிக்குப் போகிற ரோட்டில், கம்பெனிகளுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது எங்கள் ஊர். அந்தப் பக்கம் சிமென்ட் கூரைகள். இந்தப் பக்கம் ராகியும் ரோஜாவும். நடுவில் ஓடை. லட்சுமியம்மாளுக்கு இரண்டு ஏக்கர் நிலம். புருஷன் போன பிறகு நிலத்தை ஒட்டி வரிசையாக நாலு அறை கட்டி, கம்பெனிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். மூன்றாவது அறையில் மாடசாமியும் ராசாத்தியும்.

மாடசாமிக்கு வேலை ஒரு பிளேட்டிங் கம்பெனியில். போல்ட்டு, பைப்பு, கைப்பிடி என்று கொண்டுவருகிற இரும்புக்கு முலாம் பூசிப் பளபளப்பாக்கி அனுப்புகிற இடம். இரும்பு பளபளத்துப் போய்விடும். அதைக் கழுவிய மஞ்சள் தண்ணீர் இங்கேயே நிற்கும். அது சாதாரணத் தண்ணீர் இல்லை, விஷம். மருந்து போட்டு, சுண்ணாம்பு போட்டு, கசடு அடியில் தங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் வெளியே விட வேண்டும். அந்தத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. சுண்ணாம்பில் அவன் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். ராசாத்தி சாயங்காலம் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவாள்.

இப்படிக் காத்திருக்கச் சில கம்பெனிகளுக்குப் பொறுமை கிடையாது. மழை வரட்டும் என்று பார்த்திருந்து, மழையோடு மழையாகத் திறந்துவிடுவார்கள். மழைத்தண்ணீர் எல்லாவற்றையும் அலசிக்கொண்டு போய்விடும். யார் விட்டது, என்ன விட்டது என்று எவனும் கேட்க முடியாது. ஐப்பசியில் ஒரு மத்தியானம் அப்படித்தான் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தொட்டியின் வால்வு திறக்கப்பட்டது. ஆனால் ஓசூர் மழையை நம்ப முடியுமா? பத்து நிமிஷம் சடசடவென்று அடித்துவிட்டு வெறித்துப்போய் வெயில் வந்துவிட்டது. மஞ்சள் தண்ணீர் மஞ்சளாகவே ஓடி வந்து, ஓடைப் பாலத்துக்கு அடியில் இருக்கிற குழியில் தேங்கி நின்றது. லட்சுமியம்மாளின் மூன்று மாடுகளும் வழக்கம்போல் அங்கே இறங்கிக் குடித்தன. சாயங்காலம் ஐந்து மணிக்குள் மூன்றும் கரையிலேயே விழுந்துவிட்டன.

லட்சுமியம்மாள் போட்ட கூச்சலில் ஊர் திரண்டது. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்தார்கள். தொட்டியிலும் குழியிலும் தண்ணீர் எடுத்து, இரண்டு இரண்டு பாட்டிலாகப் பிரித்து, அரக்கு வைத்து, கம்பெனித் தரப்பில் கையெழுத்துக் கேட்டார்கள். மேனேஜர் ஆனந்தராஜுக்கு அந்த நேரம் பார்த்து ஒரு போன் வந்தது. நகர்ந்து போனவர் திரும்பவில்லை. பேனா மாடசாமி கைக்கு வந்தது. பக்கத்தில் போலீஸும் நின்றது. தண்ணீரில் விஷம் விட்டால் இப்போதெல்லாம் அபராதத்தோடு போகாது, ஜெயிலும் உண்டு என்று அதிகாரி சொன்னது அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

ராசாத்தியை விசாரித்த ஏட்டு பென்னாகரத்துக்காரர். நல்ல மனிதர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துத்தான் கேட்டார்.

"நீங்க அந்த நேரத்துல அங்க எதுக்கும்மா போனீங்க?"

"சோறு கொண்டு போனேன் சார். பின்பக்கத்துக் கேட்டு வழியா. அவிய காலைல சாப்பிடாமப் போயிட்டாவ."

"அவியன்னா?"

"எங்க வீட்ல அவிய தான் சார்."

"செரி. என்ன பாத்தீங்க?"

"மழ வரப் போவுதுன்னு அவிய தொறந்து விட்டாவ சார்."

ஏட்டு எழுதினார்: 'மழை வரும் என்று எண்ணி என் கணவர் வால்வைத் திறந்துவிட்டார்.' அவரைக் குற்றம் சொல்ல வழியில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தானே அவிய என்றால் புருஷன் என்று அவளே சொன்னாள். ஆனால் ராசாத்தியின் ஊரில் புருஷனும் அவிய, மாமனாரும் அவிய, நாலு பேர் சேர்ந்து வந்தாலும் அவிய. மரியாதை கொடுத்துவிட்டால் ஒருவரா பலரா என்பதை அந்தச் சொல் காட்டிக்கொடுக்காது. பென்னாகரத்துக்காரருக்கு அது எப்படித் தெரியும்?

மாடசாமி இருபத்திரண்டு நாள் உள்ளே இருந்தான். ஆனந்தராஜ், ஆப்பரேட்டர் தனக்குத் தெரியாமல் செய்த காரியம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அவரும் ஒரு சாட்சியாகிவிட்டார். ஜாமீன் கிடைத்தபோது மாடசாமி காவேரிப்பட்டினத்தில் தங்கி, தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. கூடவே அந்தச் சாட்சி வரியும். அங்கே ஒரு மாங்கூழ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துகொண்டான். ஐம்பது அறுபது கிலோமீட்டர்தான் தூரம். துபாய்க்குப் போனவனோடு கூட வீடியோவில் பேசலாம். இவர்கள் பேச முடியாது. போன் பேசினால் கால் லிஸ்ட் எடுப்பார்கள், ஜாமீன் ரத்தாகிவிடும் என்று அவன் வக்கீல் மேகலா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

ராசாத்திக்கு, பிளாஸ்டிக் கூரை போட்டு ரோஜா வளர்க்கிற பாலிஹவுஸில் வேலை. காலை ஆறு மணிக்குப் பூ வெட்ட வேண்டும். மொட்டு லேசாக வாய் திறக்கும் பதத்தில், தண்டு அறுபது சென்டிமீட்டர் இருக்கும்படி சாய்த்து வெட்டி, கீழ் இலைகளை உருவி, இருபது இருபதாகச் சேர்த்து அட்டை சுற்றி வாளித் தண்ணீரில் நிறுத்த வேண்டும். பிப்ரவரி மாதம் வந்தது. காதலர் தினத்துக்கென்று இரண்டு ஷிப்டு ஓடியது. சிங்கப்பூருக்கும் வேறெந்தெந்த ஊருக்கெல்லாமோ பெட்டி பெட்டியாக ரோஜா கட்டி ஏற்றினாள். உலகத்தில் உள்ள ஜோடிக்கெல்லாம் பூ அனுப்பத் தெரிந்தவளுக்குக் காவேரிப்பட்டினத்துக்கு ஒரு வார்த்தை அனுப்ப வழியில்லை. பூ வெட்டும்போது அழுதாள். உள்ளே இருக்கிற புழுக்கத்தில் எல்லார் முகமும் நனைந்துதான் இருக்கும், யாருக்கும் தெரியவில்லை.

மேகலாவிடம் போனால் ராசாத்தி வழக்கைப் பற்றிக் கேட்க மாட்டாள்.

"மேடம், அவியளுக்குச் சளி புடிக்கும். மாங்கூழ் கம்பெனில ஐஸ் ரூம்ல நிக்கச் சொன்னா நிக்க வேண்டாம்னு..."

"ஏம்மா, நான் வக்கீலா, போஸ்ட்மேனா? சாட்சி சொன்னதக் கொண்டுபோய் எதிரிகிட்டச் சொன்னா என் வக்கீல் சன்னது போயிடும்."

"சரி மேடம்."

அவள் எழுந்து வாசல்வரை போவாள். மேகலா வழக்குக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டே, சுவரிடம் சொல்வதுபோலச் சொல்வாள்: "எனக்கு ஒரு கட்சிக்காரர் இருக்காரு. மாங்கூழ் ஃபேக்டரில பழம் கழுவற எடத்துல இருக்காரு, ஐஸ் ரூம்ல இல்ல. ஒரு ரூம்ல அஞ்சு பேரு. கொஞ்சம் எளைச்சுட்டாரு. பேர் சொல்ல மாட்டேன்."

அந்த வாரம் முழுக்க ராசாத்திக்கு அது போதும். இளைத்துவிட்டார் என்பதை நினைத்து இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள் என்பது வேறு விஷயம்.

வைகாசியில் ஒரு நாள் தாங்க முடியாமல் போய்விட்டாள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கிருஷ்ணகிரியில் இறங்கி, டவுன் பஸ் மாறிக் காவேரிப்பட்டினம் போனாள். மாங்காய் லாரிகள் வரிசை கட்டி நிற்க, ரோடெல்லாம் பழுத்த வாசனை. ஸ்டேஷனுக்கு எதிரே ஜூஸ் கடை ஓரத்தில் நின்றாள். பத்து இருபதுக்கு அவன் வந்தான். கட்டம் போட்ட சட்டை. தோள் எலும்பு சட்டைக்கு மேலேயே தெரிந்தது. உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவன் அவளைப் பார்த்துவிட்டான்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு போலீஸ்காரர் பல் குத்திக்கொண்டு நின்றார். மாடசாமி சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டான். போய்விடுவான் என்று நினைத்தாள். போகவில்லை. சுவரில் ஒட்டியிருந்த கண் சிகிச்சை முகாம் நோட்டீஸைப் படிப்பதுபோல அப்படியே நின்றான். அவன் அவளைப் பார்க்கக் கூடாது என்றுதானே உத்தரவு. அவள் பார்த்துக்கொள்ளட்டும் என்று முதுகைக் கொடுத்துக்கொண்டு, அந்த வெயிலில் கால் மணி நேரம் நின்றான். ராசாத்தி ஆசை தீரப் பார்த்தாள் என்று எழுத எனக்கும் விருப்பம்தான். ஆசை எங்கே தீர்ந்தது? பஸ்ஸில் வரும்போது முகத்தைச் சரியாகப் பார்க்காமல் விட்டோமே என்று வழியெல்லாம் தவித்தாள்.

அவள் சாட்சி சொல்லும் நாள் புரட்டாசியில்தான் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு மேகலா கூப்பிட்டு அனுப்பினாள். அவள் முகத்தில் தெளிவு இருந்தது.

"உங்க ஊர்ல அவியன்னா பல பேரையும் சொல்லுமாமே? ஏம்மா இத முன்னயே எனக்குச் சொல்லல? கேஸே இந்த ஒரு வார்த்தைலதான் நிக்குது. கோர்ட்ல கேட்டா, அவியன்னு சொன்னது கம்பெனிக்காரங்களன்னு சொல்லுங்க. உங்க புருஷன் தொறந்ததப் பாத்த ஒரே ஆளு நீங்கதான். அது போச்சுன்னா கேஸ் போச்சு. அவரு வெளிய வந்துடுவாரு. இது பொய் இல்லல்ல?"

"பொய் இல்ல மேடம்."

"அப்பறம் என்ன?"

"முழுசும் இல்ல மேடம்."

மேகலா பேனாவை மூடினாள். "முழுசா எல்லாம் எனக்குச் சொல்லாதீங்க. யோசிச்சுட்டு வாங்க."

மறுநாள் சாயங்காலம் லட்சுமியம்மாள் ஒரு முறம் அவரைக்காயைக் கொண்டுவந்து ராசாத்தியின் வாசலில் வைத்து உட்கார்ந்தாள். இரண்டு பேருமாக உரிக்க ஆரம்பித்தார்கள். மாட்டைக் கொன்ற கம்பெனிக்காரன் பெண்டாட்டியை இன்னும் குடிவைத்திருக்கிறாளே என்று ஊரில் பேசாத வாய் இல்லை. "அவள காலி பண்ணா வேற ஆளு வரும். என் மாடு வருமா?" என்று கேட்டு எல்லாரையும் அடக்கிவிட்டாள். ஆனால் அந்தப் பதினோரு மாதமும் ராசாத்தியிடம் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"ராசாத்தி, நான் என் சாட்சி சொல்லி முடிச்சிட்டேன். இனிமே கேட்டா தப்பில்ல. அன்னிக்கு நீ இன்னா பாத்த?"

ராசாத்தி காயைக் கீழே வைத்தாள். "மேனேஜர் சாரு குடையப் புடிச்சிட்டு நின்னாவம்மா. தொறன்னு சொன்னாவ. இவிய தொறந்தாவ."

"அப்ப கை உன் ஊட்டுக்காரனுது."

"ஆமா."

"வாய் மேனேஜருது."

"ஆமாம்மா."

"போலீஸ் பேப்பர்ல வாயைக் காணமே. கை மட்டும்தானே கீது."

"நாளைக்குக் கையச் சொன்னா இவிய உள்ள போயிருவாவ. சொல்லலேன்னா வந்துருவாவ."

லட்சுமியம்மாள் கொஞ்ச நேரம் உரித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு கறவை, ஒரு கெடேரி. இப்பவும் விடிஞ்சா சொம்ப எடுத்துக்கினு கொட்டாய்ல போயி நின்னுட்றேன். நின்னப்பறம்தான் நெனப்பு வருது. நீ அவனுக்கோசரம் ஏங்கறது எனக்குத் தெரியாதா? உன் ஊட்டுல ஒத்தத் தட்டு கழுவற சத்தம்தானே கேக்குது. நான் இன்னா சொல்றது? எனக்கு உன் ஊட்டுக்காரன் ஜெயிலுக்குப் போணும்னு இல்ல. தொறக்கச் சொன்னவன் பேரு அந்தப் பேப்பர்ல வரணும். அம்புட்டுதான்."

"கம்பெனிக்காரவியன்னு பொதுவாச் சொன்னா மேடம் போதும்னு சொல்லுதாவ."

"பொதுவாச் சொன்னா பொதுவாப் போயிடும்மா." முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பாதிக் காயை ராசாத்தியின் பாத்திரத்தில் தள்ளிவிட்டுப் போனாள்.

ஓசூர் கோர்ட்டில் ராசாத்தியின் பெயரைக் கூப்பிடும்போது மணி பன்னிரண்டு. மாடசாமி கூண்டுக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் வாய் வராது என்று தெரியும். கடைசி பெஞ்சில் லட்சுமியம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

அரசு வக்கீல் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். "என் கணவர் வால்வைத் திறந்துவிட்டார்னு சொல்லியிருக்கீங்க. சரிதானே?"

"நான் அவியன்னுதான் சொன்னேன் சார்."

மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார். சின்ன வயசுப் பெண்மணி. "அவியன்னா யாரு?"

மேகலாவின் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. ராசாத்தி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். ஒரு சொல். கம்பெனிக்காரவிய என்று சொல்லிவிட்டு இறங்கினால் இன்னும் ஒரு மாதத்தில் அவன் வீட்டில் இருப்பான். வீட்டுச் சாவியைக்கூட எங்கே வைக்க வேண்டும் என்று நினைத்துவிட்டாள்.

"மேனேஜர் ஆனந்தராஜ் சாரும் எங்க வீட்டுக்காரவியளும்மா. ரெண்டு பேருந்தான். சாரு குடையோட நின்னு தொறன்னு சொன்னாவ. வால்வத் திருகுனது எங்க வீட்டுக்காரவிய."

மேகலாவின் சிரிப்பு அணைந்தது.

"மேனேஜர் சொன்னத உங்க காதால கேட்டீங்களா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"கேட்டேம்மா. பின்பக்கத்துக் கேட்டுக்கும் தொட்டிக்கும் பத்தடிகூட இருக்காது."

"உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாவம்மா. சார், இது பத்து நிமிசத்துல வெறிச்சிரும், ஓடையில மாடு குடிக்கும்னு சொன்னாவ. சாரு ஏசுனாவ. இவிய திரும்பவும் மாடு குடிக்கும் சார்னு சொன்னாவ. நீ தொறக்கியா இல்ல வேற ஆளப் போடவான்னு சாரு கேட்டாவ. அப்புறந்தான் தொறந்தாவ."

கூண்டுக் கம்பியில் ஒரு சத்தம் கேட்டது. மாடசாமி நெற்றியைக் கம்பியில் முட்டிக்கொண்டு நின்றான்.

"இத ஏன் போலீஸ்கிட்டச் சொல்லல?"

"மேனேஜர எதுத்துப் பேசுனாவன்னு தெரிஞ்சா வேலை போயிருமேன்னு பயந்துட்டேம்மா."

யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. அரசு வக்கீல் எழுந்து, ஆனந்தராஜை எதிரியாகச் சேர்க்க மனுப் போட அவகாசம் கேட்டார். ஒரு வாரம் கொடுத்தார்கள். மேகலாவுக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. ஏழாவது சாட்சியின் விசாரணை முடிந்துவிட்டதால் அவளைச் சந்திக்கக் கூடாது என்ற நிபந்தனை இனித் தேவையில்லை என்று எழுந்து நின்று சொன்னாள். எழுதிக் கொடுங்கள், மூன்று மணிக்குப் பார்க்கலாம் என்றார் மாஜிஸ்திரேட்.

மூன்று மணிவரை கோர்ட் வளாகத்துப் புங்கமரத்துக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள். நடுவில் டீக்கடை. அவன் டீ வாங்கியதை இவள் பார்த்தாள். இவள் வாங்கிய டீ ஆறிப்போனதை அவன் பார்த்தான். மூன்றேகாலுக்கு மேகலா படியில் இறங்கி வந்தாள்.

"பேசலாம். ஆனா காவேரிப்பட்டினத்துல தங்கணும், கையெழுத்துப் போடணுங்கறதெல்லாம் அப்படியேதான் இருக்கு. ராத்திரிக்குள்ள அங்க போயிடணும்." பிறகு ராசாத்தியிடம் வந்து, "முழுசாச் சொல்லிட்டீங்க. இனிமே அவருக்கு என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது. தண்டனையும் வரலாம்" என்றாள். குரலில் கோபம் இல்லை.

மாடசாமி வந்து பக்கத்தில் நின்றான். பதினோரு மாதமாக என்னென்னவோ பேச வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தவள், அன்று பார்க்காமல் விட்ட முகத்தைப் பார்த்தாள்.

"ஏ பிள்ள, நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அந்தக் காத்து எரைச்சல்லயா?"

"ரெண்டு தரமும் கேட்டுச்சு."

"நான் போலீஸ்ல சொன்னேன். ஜெயில்ல சொன்னேன். மேடத்துகிட்டச் சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னுட்டாவ. கடைசில எனக்கே சந்தேகமாப் போச்சு, நெசமாவே சொன்னேனா, இல்ல நானா நெனச்சுக்கிட்டேனான்னு." முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவளும் அழுதாள். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். கோர்ட் வாசலில் அழுவது புதிதா என்ன?

லட்சுமியம்மாள் பைய நடந்து அவர்கள் முன்னால் வந்து நின்றாள்.

"மாடு குடிக்கும்னு சொன்னியா நீ?"

"சொன்னேம்மா."

"ரெண்டு வாட்டி?"

"ஆமாம்மா."

"அப்ப தெரிஞ்சுதான் தொறந்திருக்க."

அவள் சத்தம் போடவில்லை. மாடு இருந்த நாளில் அவன் வேலை முடிந்து வரும்போது பால் சொம்பை நீட்டி டீ போட்டுக்கோ என்று சொல்வாளே, அதே குரல்தான். மாடசாமி மேனேஜர் பேரைச் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்ததைச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் சொல்லவில்லை.

"தெரிஞ்சுதாம்மா தொறந்தேன்."

லட்சுமியம்மாள் தலையை ஆட்டினாள். அங்கேயே கல்லில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பதினோரு மாதத்தில் முதல்முறையாக மாடுகளுக்காக வாய்விட்டு அழுதாள்.

மாடசாமி வலது கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டான். ராசாத்தி அதை இழுத்துப் பிடித்தாள். பழம் கழுவிக் கழுவி உள்ளங்கை ஊறிப்போயிருந்தது. இத்தனை நாளும் அவள் ஏங்கியது இந்தக் கைக்குத்தான். வால்வைத் திருகியதும் இதுதான். நாலு மணிக்குக் கிருஷ்ணகிரி பஸ். அதுவரைக்கும் அவள் அதை விடவில்லை.